கால் தசை வலிக்கு எந்தச் சத்து மாத்திரை? அறிகுறியைப் பார்த்து வழி கண்டுபிடியுங்கள்

மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவர்கள் வாரம் தவறாமல் கேட்கும் வார்த்தை இது: "ரெண்டு காலும் கடுக்குது, நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு குடுங்க." கேட்கிறவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று புட்டி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மெக்னீசியம், பழைய சீட்டில் இருந்த கால்சியம், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மல்டிவைட்டமின். எல்லாம் பாதி பாதி காலியாகியிருக்கும், வலி மட்டும் அப்படியே இருக்கும்.

கால் வலி என்ற ஒரே பெயருக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சத்து மாத்திரை அதில் சிலவற்றுக்கு மட்டுமே வேலை செய்யும், அதுவும் அந்தச் சத்து உடம்பில் உண்மையிலேயே குறைந்திருந்தால். அதனால் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் முன் நான் நான்கு கேள்வி கேட்பேன். ஒரு காலா, இரண்டு காலுமா? எந்த நேரத்தில் வருகிறது? வலியா, பிடிப்பா, எரிச்சலா, அல்லது பலமே இல்லையா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பதிலைப் பொறுத்து கீழே உள்ள தலைப்புகளில் உங்களுடையது எதுவோ அதற்குப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## மாத்திரையைத் தேடக் கூடாத நிலைமைகள்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருந்தது, கர்ப்பம், பிரசவம், கருத்தடை மாத்திரை, புற்றுநோய் இவற்றில் ஏதாவது ஒன்று பின்னணியில் இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் நாடாவால் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வித்தியாசம் இல்லை என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. காலைத் தேய்க்காதீர்கள், உருவிவிடச் சொல்லாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுதான்.

கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. இதிலும் காத்திருக்க நேரமில்லை.

அடிபட்ட பிறகு கால் கல்லாக இறுகி, வலி மணிக்கு மணி ஏறுகிறது, விரலை அசைத்தால் உயிர் போகிறது. கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டுப் போகிறது. இடுப்புக்குக் கீழ் மரத்து, சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியவில்லை. மூன்றும் அவசரப் பிரிவுக்கு உரியவை.

இவை எதுவும் இல்லை என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

## அறிகுறி: புதிதாக உடற்பயிற்சி செய்தேன், மறுநாள் கால் தூக்க முடியவில்லை

பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும் வலி இது. மலையிறங்குவது, படியிறங்குவது, குந்தி எழுவது போன்ற வேலைகளுக்குப் பிறகுதான் அதிகம் வரும். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்ள வைப்பது இறங்கியதுதான்.

### என்ன பார்க்க வேண்டும்

வலி இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதா? அழுத்தினால் தசை முழுக்க வலிக்கிறதா? கொஞ்சம் நடந்த பிறகு இளகுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவலை இல்லை. வலி விரல் வைக்கும் அளவு ஒரே இடத்தில் இருந்தால், அல்லது பயிற்சியின் நடுவே 'சுளீர்' என்று பிடித்திருந்தால் அது தசைக் கிழிசல். அதற்கு எந்தச் சத்தும் உதவாது, ஓய்வும் இயன்முறை மருத்துவரும்தான் வேண்டும்.

### எளியதிலிருந்து செலவானது வரை

முதலில் தூக்கம், தண்ணீர், மெதுவான நடை. இதிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்துச் செய்தால் வலி பாதிகூட இருக்காது, தசை பழகிக்கொள்கிறது. இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு நம்பிக்கை வருவதில்லை, புட்டி வாங்கினால்தான் திருப்தி.

அடுத்தது புரதம். தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ எடை என்றால் 72 முதல் 120 கிராம். மூன்று வேளை உணவில் அது கிடைத்துவிட்டால் பொடி தேவையில்லை. கிடைக்காதபோது பாலிலிருந்து எடுக்கும் வே புரதமோ சோயா புரதமோ இடைவெளியை நிரப்பும். புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவர் பி.சி.ஏ.ஏ. என்று தனியாக விற்கும் அமினோ அமிலப் பொடியை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அமினோ அமிலங்கள் அவர் சாப்பிடும் புரதத்துக்குள்ளேயே இருக்கின்றன.

வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைப் பலர் இதற்காகவே அதிக அளவில் விழுங்குகிறார்கள். 2017-இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இதுபற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. வலி குறைந்த அளவு மிகச் சிறியது, ஆளுக்குத் தெரியும்படி இருக்காது என்பதுதான் முடிவு. தினமும் அதிக அளவில் எடுத்தால் பயிற்சியால் உடம்புக்குக் கிடைக்க வேண்டிய முன்னேற்றமே மட்டுப்படலாம் என்றும் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியோடு சேர்த்துப் பலனையும் குறைக்கிற பொருளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

புளிப்புச் செர்ரிச் சாறு, ஒமேகா 3, மஞ்சளிலுள்ள குர்குமின் மூன்றுக்கும் சில ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. பெரிய ஓட்டப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பே தொடங்கினால்தான் செர்ரிச் சாற்றுக்கு அர்த்தம், வலி வந்த பிறகு குடிப்பதில் பயனில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் ஒமேகா 3, குர்குமின் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உறிஞ்சும் திறனைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

எப்போது மருத்துவர்: ஏழு நாளாகியும் குறையவில்லை, அல்லது வலி போகிறது பலம் திரும்பவில்லை.

## அறிகுறி: இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது

தூக்கத்தில் கெண்டை உருண்டு கல்லாகி, பாதம் கீழ்நோக்கி வளைந்து, அலறி எழ வைக்கும் வலி. மெக்னீசியம் விற்பதில் பாதி இதற்காகத்தான் என்று சொல்லலாம்.

### அந்த நிமிடத்தில்

முழங்காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக இழுங்கள். கை எட்டவில்லை என்றால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். பிடிப்பு விட்ட பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மாத்திரை எதுவும் அந்த நேரத்தில் வேலை செய்யாது, அது வயிற்றில் கரைவதற்குள் பிடிப்பே விட்டிருக்கும்.

### எளிய காரணங்கள்

நாள் முழுக்க நின்ற வேலை, பழக்கமில்லாத நடை, வியர்வைக்கு ஈடாகத் தண்ணீரும் உப்பும் சேராதது, வயிற்றுப்போக்கு. அடுத்ததாக மருந்துகள்: ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் சில மருந்துகள். சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிடிப்பு தொடங்கிய மாதமும் புது மருந்து தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால் அங்கேயே விடை இருக்கிறது.

### செலவில்லாத சோதனை

சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் சுவர் மேல் சாயுங்கள். கெண்டை இழுபட வேண்டும். 30 விநாடி, மூன்று முறை, படுக்கப் போகும் முன். தொடையின் பின்பக்கத் தசைக்கும் அதேபோல. 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரம் இப்படி இரவுதோறும் நீட்டியவர்களுக்குப் பிடிப்பு வருவதும் குறைந்தது, வலியின் வேகமும் குறைந்தது. என்னிடம் மெக்னீசியம் கேட்டு வருகிறவரை முதலில் இதை ஒரு மாதம் செய்து பார்க்கச் சொல்லிவிடுவேன்.

### மெக்னீசியம் எடுக்கத்தான் வேண்டுமா

காக்ரேன் அமைப்பு 2020-இல் புதுப்பித்த தொகுப்பாய்வின்படி, வயதானவர்களுக்கு வரும் பிடிப்பில் மெக்னீசியத்தால் குறிப்பிடத்தக்க பலன் இருக்க வாய்ப்பில்லை. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதனால் இதை அனைவருக்கும் பொதுவான மருந்தாக நினைக்க வேண்டாம். குறைபாடு உள்ளவருக்கு மட்டும் உதவும். யாருக்குக் குறையும்? நீண்ட காலமாக அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரை எடுப்பவர், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர், அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ளவர், மது அதிகம் குடிப்பவர், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்.

அப்படி எடுப்பதென்றால் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிதாக '400 மி.கி.' என்று இருக்கும். அது சேர்மத்தின் எடையா, அதற்குள் இருக்கும் மெக்னீசியத்தின் எடையா என்று பார்க்க வேண்டும். மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி. என்றால் அதில் மெக்னீசியம் சுமார் 240 மி.கி. ஆனால் அது குறைவாகவே உறிஞ்சப்படும், மிச்சம் வயிற்றைக் கலக்கும். மெக்னீசியம் சிட்ரேட் 500 மி.கி. என்றால் உள்ளே இருப்பது சுமார் 80 மி.கி.தான், ஆனால் உடம்பில் நன்றாகச் சேரும். கிளைசினேட் வயிற்றுக்கு இதமானது, அதில் இன்னும் சற்றுக் குறைவாக இருக்கும். மாத்திரையாக எடுக்கும் மெக்னீசியம் நாளுக்கு 350 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வரம்பு. நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மெக்னீசியத்தைத் தானாக எடுக்கவே கூடாது, வெளியேறாமல் உடம்பில் தேங்கிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்து விழுங்கினால் அவை உறிஞ்சப்படாமல் வீணாகும்.

### வைட்டமின் கே2, பொட்டாசியம், குயினைன்

கே2 பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024-இல் வெளியான, 199 பேர் கலந்துகொண்ட ஒரு சீன ஆய்வில், தினம் 180 மைக்ரோகிராம் எடுத்த வயதானவர்களுக்கு 8 வாரத்தில் இரவுப் பிடிப்பு நன்றாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஒரே ஆய்வை வைத்து எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கே2 ஆபத்து, அந்த மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

பொட்டாசியம் மாத்திரையை ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும். அதன் மேல் மாத்திரையும் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். குயினைன் முன்பு இதற்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. ரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையவும், இதயத் துடிப்பு கெடவும் வாய்ப்பிருப்பதால் காலில் வரும் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

எப்போது மருத்துவர்: வாரத்தில் பல இரவு தூக்கம் கெடுகிறது, கையிலும் வயிற்றிலும்கூடப் பிடிக்கிறது, கால் மெலிகிறது, அல்லது தசை தானாகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, உப்புகள் இவற்றுக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

## அறிகுறி: தொடை கனத்து வலிக்கிறது, கையை ஊன்றாமல் எழ முடியவில்லை

இதை வயதாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமான விஷயம் இதுதான், ஏனென்றால் சத்துக் குறைபாட்டைச் சரிசெய்து உண்மையிலேயே ஆளை நடமாட வைக்க முடிகிற இடம் இது.

### வீட்டில் செய்யும் இரண்டு சோதனைகள்

கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். வயதானவருக்கு 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைத் தசையில் பலம் குறைந்திருக்கிறது. கை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் சோதனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். சாதாரணமாக அழுத்தும்போதே எலும்பு நொந்து முகம் சுளிக்கிறது என்றால் வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகியிருக்கலாம்.

### வாய்ப்புள்ள காரணங்கள்

எளியது உட்கார்ந்தே இருப்பது. பயன்படுத்தாத தசை கரையும், அதோடு புரதமும் போதாமல் இருந்தால் வேகமாகக் கரையும். அடுத்தது வைட்டமின் டி குறைபாடு: வெயில் படாத வேலை, உடல் முழுக்க மறைக்கும் உடை, கருத்த தோல், உடல் பருமன், வலிப்பு மருந்துகள். பிறகு தைராய்டு குறைவு: கூடவே குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுவது இருக்கும். 50 வயதைத் தாண்டியவருக்குத் தோளும் இடுப்பும் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் பாலிமயால்ஜியா என்ற அழற்சி. அதை எந்த வைட்டமினும் தொடாது. கூடவே புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள், கண்ணுக்கு ஆபத்து.

### வைட்டமின் டி எப்படி எடுப்பது

முதலில் ரத்தத்தில் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவைப் பாருங்கள். 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 12-க்கும் கீழே போனவருக்குத்தான் தசையும் எலும்பும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கும். தினசரித் தேவை 70 வயது வரை 600 யூனிட், அதற்கு மேல் 800 யூனிட். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கொழுப்புள்ள உணவோடு சேர்த்து எடுத்தால் நன்றாகச் சேரும்.

60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதியிருப்பார். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தவர்கள் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்தாமல் தொடர்ந்தவர்களும் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகக் கல் என்று போகும். சீட்டில் 'வாரம்' என்று இருப்பதைப் பேனாவால் வட்டமிட்டு, எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகக் கொடுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம்.

அளவு ஏறிய பிறகும் தசை உடனே திரும்பாது. சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும், நாற்காலிச் சோதனையை மாதம் ஒரு முறை செய்து நேரத்தைக் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து ரத்த அளவை மறுபடி பாருங்கள். அளவு சரியாகியும் பலம் வரவில்லை என்றால் காரணம் வேறு, அடுத்த புட்டியைத் திறக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது, ஊசி குத்துகிறது

இது தசை வலி இல்லை, நரம்பு. 'பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கு' என்று சொல்வார்கள். கண்ணை மூடி நின்றால் தள்ளாடும்.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. கூடவே வைட்டமின் பி12. இறைச்சி, மீன், முட்டை, பால் நான்கையும் தவிர்ப்பவர், பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கும் நீரிழிவுக்காரர், அமிலக் குறைப்பு மாத்திரையை விடாமல் எடுப்பவர், இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர் எல்லாருக்கும் இது குறைய வாய்ப்பு அதிகம். ரத்த அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை இருந்தால் இரண்டும் கெட்டான் நிலை, மருத்துவர் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை கேட்கக்கூடும். மாத்திரை தொடங்கும் முன் ரத்தம் கொடுத்துவிடுங்கள், தொடங்கிய பிறகு வரும் எண்ணை நம்பிக் காரணம் சொல்ல முடியாது.

நரம்பு அறிகுறி வந்துவிட்டால் பொதுவாக ஊசியில்தான் தொடங்குவார்கள். பராமரிப்புக்கு நாளுக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். குடல் சரியாக உறிஞ்சாதவருக்கும் அதில் நூறில் ஒரு பங்கு தானாகவே உள்ளே போய்விடும், அதுவே தேவைக்கு மேல். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுப்பது ஆபத்து: ரத்தசோகை சரியானது போலக் காட்டும், நரம்பு சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும்.

இன்னொரு புறமும் பார்க்க வேண்டும். பி6 அதிகமானாலும் இதே எரிச்சல்தான் வரும். நரம்புக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரை, மல்டிவைட்டமின், மெக்னீசியக் கலவை மூன்றிலும் பி6 இருக்கலாம். பைரிடாக்சின் என்ற பெயரில் அச்சிட்டிருக்கும். எல்லாப் புட்டிகளையும் மேசையில் வரிசையாக வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் கூட்டுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் வயது வந்தவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று குறைத்துவிட்டது, அமெரிக்க வரம்பு 100 மி.கி. கூட்டுத்தொகை இந்த 12 மி.கி.யை நெருங்கினால், எரிச்சலுக்காக எடுத்த மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாக இருக்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் மெதுவாகக் குறையும்.

எப்போது மருத்துவர்: எரிச்சல் மேலே ஏறுகிறது, நடை தடுமாறுகிறது, பாதத்தில் புண் பட்டதே தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி: படுத்தால் கால் உளைகிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது

மாலையிலும் இரவிலும் அதிகமாகும், எழுந்து நடந்தால் போய்விடும், மறுபடி படுத்தால் வந்துவிடும். சதை இழுத்துப் பிடிக்காது, கெண்டை உருளாது. உள்ளே ஏதோ ஊர்வது போன்ற உளைச்சல். இதற்கு மெக்னீசியம் வாங்கி ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

எளியதிலிருந்து தொடங்குங்கள். மாலைக்குப் பிறகு காபி, தேநீர், மது, புகை இவற்றை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் தூக்கம் தரும் மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, சில மனச்சோர்வு மருந்துகள் இதைத் தூண்டிவிடும்.

பிறகு இரும்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், கேட்க வேண்டிய பரிசோதனை, உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 30 என்று வந்தால் அது 'இயல்பு' என்ற கட்டத்துக்குள் விழும். கால் உளைச்சலுக்கு அந்தக் கட்டம் பொருந்தாது. 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது இத்துறை வல்லுநர்களின் வழிகாட்டுதல். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போது ரத்தம் கொடுங்கள்.

ஃபெரஸ் சல்பேட் 325 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி. வெறும் வயிற்றில், வைட்டமின் சி உள்ள பழச்சாற்றோடு எடுப்பது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிற்றுக்கும் சிரமம் குறைவு, உறிஞ்சுவதும் ஒன்றும் மோசமாகாது. பால், தேநீர், காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. மலம் கறுத்துப் போவது இயல்புதான், பயப்பட வேண்டாம். பரிசோதனை இல்லாமல் இரும்பு எடுக்காதீர்கள், தேங்கினால் கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், சில மாத்திரைகளே சிறு குழந்தைக்கு உயிராபத்து.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், மாத்திரை ஒருபக்கம் இருக்கட்டும், ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

## அறிகுறி: கொழுப்பு மாத்திரை தொடங்கிய பிறகு தொடையும் கெண்டையும் வலிக்கிறது

ஸ்டாட்டின் வகை மருந்தால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வரும். தானாக நிறுத்தாதீர்கள். மாரடைப்பு வந்தவர் நிறுத்தினால் விலை பெரிது. மருத்துவர் சி.கே. என்ற தசை நொதியைப் பார்த்து, அளவைக் குறைப்பார், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார், அல்லது சில வாரம் நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்ப்பார். வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இவை குறைந்திருந்தால் ஸ்டாட்டின் வலி எளிதில் வரக்கூடும்.

கோஎன்சைம் கியூ10 இதற்கென்றே விற்கப்படுகிறது. ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, 2018-இல் வந்த அமெரிக்க இதய நல வழிகாட்டுதல் வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. விலையும் அதிகம்.

கவனிக்க வேண்டியது சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை. இயற்கையான கொழுப்புக் குறைப்பான் என்ற பெயரில் வரும். அதிலுள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் மருந்தேதான். ஸ்டாட்டினோடு இதையும் எடுப்பவர் ஒரே வகை மருந்தை இரண்டு புட்டியிலிருந்து சாப்பிடுகிறார். கிரேப்ஃப்ரூட் சாறும் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கும் சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும்.

## அறிகுறி: நடந்தால் கெண்டை வலிக்கிறது, நின்றால் போகிறது

குறிப்பிட்ட தூரம் நடந்ததும் வலி, சில நிமிடம் நின்றால் மறைவு, மறுபடி அதே தூரத்தில் வலி. புகைப்பவர், நீரிழிவு உள்ளவர் என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். சத்து மாத்திரைக்கு இங்கே இடமே இல்லை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு.

நின்றால் போகாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறைகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெரிபடுகிறது. அதற்கு எலும்பு மருத்துவர்.

## மருத்துவரிடம் போகும்போது

எடுக்கும் எல்லாப் புட்டிகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயரைச் சொன்னால் போதாது, பின்பக்க அட்டையை அவர் பார்க்க வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் எடுப்பவர், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள், அது தைராய்டு அளவைத் தவறாகக் காட்டும். தசை வலுவுக்காக நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் பொடி எடுப்பவர் அதையும் சொல்லிவிடுங்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அதன் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவு சற்று உயர்ந்து தெரியும். சி.கே. பரிசோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசையில் போட்ட ஊசி இருந்தால் அதையும் ஆய்வகத்தில் சொல்லுங்கள்.